நுனி ஆறிய கல்

உடைந்த கல் ஒன்று தானாகவே சரியாகியிருந்தது. அது உடைந்திருந்ததே அந்த வீட்டில் அவள் ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சில வாரங்களுக்கு முன் தூசி தட்டும்போது பிரஷ்ஷின் மரக்காம்பு பட்டு, மேல் தட்டிலிருந்த படிகக் கொத்தின் நடுவே நிமிர்ந்து நின்ற படிகத்தின் நுனி 'டிக்' என்று விழுந்தது. பருப்பளவு துண்டு. அதைப் பொறுக்கி, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே விட்டெறிந்தாள். கொத்தைத் திருப்பி, உடைந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். கணவர் கண்டுபிடித்தால் திட்டுகிற ஆளில்லை. திட்டிவிட்டால் தேவலை. இரண்டு நாள் சாப்பிடாமல், இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

இன்று அதே பிரஷ்ஷோடு போனவள், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, கொத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். நுனி இருந்தது.

பழைய நுனி அல்ல. அது சீவிய பென்சில் போல, ஆறு பட்டையும் ஒரே முனையில் வந்து கூடும். இது உடைந்த வாயின் மேல் சின்னச் சின்னப் பட்டைகளாக ஏறி, இடறி, திரும்ப ஏறி, கடைசியில் ஒருவழியாகக் கூடியிருந்தது. காயம் ஆறிய இடத்தில் புதுத்தோல் வருமே, அந்த மாதிரி. விரலால் தொட்டாள். குளிர்ந்தது. கெட்டியாக இருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. 'அப்பாடா, தப்பித்தேன்' என்றுதான் நினைத்தாள். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாவது தட்டுக்கு வரும்போதுதான் பிரஷ் அப்படியே நின்றது.

ஏனென்றால், கல்லுக்காரரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது என்னவென்று தெரியும். வெளியே அவருக்குக் கல்லுக்காரர் என்றுதான் பெயர். மற்றவர்கள் நிலம் வாங்கினார்கள், வண்டி வாங்கினார்கள். அவர் கல் வாங்கினார். வீட்டுக்குக் கூட்டி வருகிறவர்களை எல்லாம் அந்த அறையில் நிறுத்தி, பிள்ளைகளை அறிமுகம் செய்வது போல ஒவ்வொன்றாகச் சொல்வார்.

"பாறைக்கு நடுவுல ஒரு பொந்து இருக்கும். அதுக்குள்ள சூடான தண்ணி. அதுலதான் இதெல்லாம் வளருது. பூமி அசைஞ்சா கல்லு உடையும். உடைஞ்ச வாயில திரும்ப வளரும். அதுக்கு ஆறின கல்லுன்னு பேரு. எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்றோம் இல்ல? அதே மாதிரிதான், பொறுமையா இருந்தா வளரவும் செய்யும். என்ன, ஆயிரம் ரெண்டாயிரம் வருஷம் காத்திருக்கணும், அவ்வளவுதான்."

பூமிக்கடியில் ஆயிரம் வருஷம். இங்கே, அவர்கள் வீட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில், சில வாரம்.

அது பழைய சாமான் அறை. ஜன்னல் கிடையாது. சுவரிலேயே பதித்த கல் தட்டுகள், மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரை வரை. கனத்த மரக்கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் ஒரு இரும்புத் தாழ்ப்பாள், கதவு சேர்ந்ததும் தானாகவே விழும் ரகம். உள்ளே கைப்பிடிகூட இல்லை. சாமான் அறைக்குள் போய் யார் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார்கள்? பக்கத்து மனையில் மாடி வீடு கட்ட ஆரம்பித்தபோது கல் அறுக்கும் தூசி பறந்து வந்து படிகங்களின் மேல் படிந்தது. கல்லுக்காரருக்குத் தூசியைப்போல் ஜன்ம விரோதி வேறில்லை. தச்சரைக் கூப்பிட்டு, கதவின் நான்கு ஓரமும் ரப்பர் பட்டை வைத்து இறுக்கச் சொன்னார். தச்சர் கைகாரர். சாத்தினால் காற்றுக்கூடப் புகாது. திறக்கும்போது ரப்பர் பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அதற்குப் பிறகுதான் எல்லாம். யோசித்துப் பார்த்தால் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. பல்பு வாங்கிப் போட்டால் மறுநாளே போய்விடும். புதிதாக எழுதி வைத்த பெயர்ச்சீட்டுகள் பழுப்பேறிச் சுருண்டன. நனைந்த பாறையின் மணம் ஒன்று உள்ளே தங்க ஆரம்பித்தது. மழை பெய்து ஓய்ந்த மலைப்பாதையில் வருமே, அது. காலையில் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருக்கும்.

அன்று மாலை கணவரிடம் சொல்லிவிட்டாள். உடைத்ததையும் சேர்த்தே சொன்னாள். அவர் உடைத்ததைக் காதில் வாங்கவே இல்லை. ஓடிப்போய்க் கொத்தை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்து, வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை.

"நான் நினைச்சது சரிதான்" என்றார்.

"என்ன நினைச்சீங்க?"

"கதவு சாத்தியிருக்கும்போது உள்ள நேரம் வேற மாதிரி ஓடுது."

மறுநாள் ஒரு கண்ணாடி ஜாடியில் படிகாரத் தண்ணீர் ஊற்றி, தகர மூடியிலிருந்து அதில் நூலைத் தொங்கவிட்டு, உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனார். தலை துவட்டிக்கொண்டே வந்து திறந்தார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். ஜாடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூடி துருவாகி உதிர்ந்திருந்தது. நூலை அவர் தொட்டதும் அது பொடியாகி விரலில் ஒட்டியது. பக்கத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கரண்டி சருகு போல மொறுமொறுத்தது.

"ஒரு குளியலுக்கு ஐம்பது வருஷமாவது இருக்கும்" என்றார், வாயெல்லாம் பல்லாக. "அதுவும் ஒவ்வொரு தடவைக்கும் வேகம் கூடுது."

"நீங்க உள்ள இருக்கும்போது கதவு சாத்திக்கிட்டா?"

அவர் கொல்லையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து வந்து, அரிவாளால் சீவி, ஆப்பு செய்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே தரையில் அதைச் செருகினால் விரல் நுழையும் அளவுக்குக் கதவு திறந்திருக்கும். அப்படி இருக்கையில் உள்ளே நேரம் ஓடத்தான் செய்தது, ஆனால் கொஞ்சம் நிதானமாக. வெளியே ஒரு காலைப்பொழுது என்றால் உள்ளே இரண்டு மூன்று நாள். அன்றிலிருந்து அந்தக் கதவு முழுதாகச் சாத்தப்படவே இல்லை. ஆப்பு அங்கேயே கிடந்தது.

அவளுக்குப் புரிந்தது. அவருக்குக் கல் வைத்திருப்பது போதவில்லை. அது வளர்வதைப் பார்க்க வேண்டும்.

காலை டீயைக் குடித்துவிட்டு, மழுங்கச் சவரம் செய்த முகத்தோடு, ரொட்டியும் பழமும் பெரிய தண்ணீர்க் கேனுமாக உள்ளே போவார். சாப்பாட்டு வேளைக்கு வெளியே வரும்போது கன்னமெல்லாம் நரைமுள். கண் குழி விழுந்திருக்கும். நகம் வளர்ந்திருக்கும். உட்கார்ந்தால் இரண்டு ஆள் சாப்பாட்டை நிமிராமல் சாப்பிடுவார்.

"எவ்வளவு தடவ கூப்பிட்டேன் உன்னை. காதே கேக்காதா?"

"நீங்க எங்க கூப்பிட்டீங்க?"

"நேத்தி... இல்ல, அப்போ. ராத்திரி. பல்பு போயிடுச்சு. இருட்டுல தொண்டை கிழியக் கத்தினேன்."

அவள் கத்தலைக் கேட்கவில்லை. ஆனால் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தின் பக்கமிருந்து கொசு காதருகே வந்து போனாற்போல ஒரு கீச்சொலி வந்ததை நினைத்துக்கொண்டாள். இங்கே காலை பத்து மணி வெயில். அங்கே அவர் இருட்டில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஒருநாள் அந்த இடுக்கில் கண் வைத்துப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. கீழே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று எப்படிச் சொல்வது, அதிர்ந்துகொண்டிருந்தார். கை இருக்கும் இடத்தில் கை நிற்கவில்லை. தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பல்பின் மேல் மோதும் பூச்சியின் சிறகு போல. திடீரென்று படுத்தார். எழுந்தார். பிறகு ஒரு கணம், அந்த முகம் இடுக்கை நேராகப் பார்த்து அசையாமல் நின்றது. அவள் ஒரு மூச்சு விடும் நேரம் முழுக்க அது அசையவில்லை. அவர் கணக்கில் அது எவ்வளவு நேரமாக இருந்திருக்கும் என்று நினைத்ததும் பின்னால் நகர்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பிடும்போது கேட்டாள். "என்னைப் பாத்துக்கிட்டிருந்தீங்களா?"

"ஆமா. கண் ஒண்ணு வந்து இடுக்குல ஒட்டிக்கிட்டுது. இமைக்கவே இல்ல. பயந்துட்டேன், போ" என்று சிரித்தார். ஒரு பல் இல்லை. காலையில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். அவன் நடந்தால் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கதவைச் சாத்தினால் தெருவுக்கே கேட்கும். அவன் காலடி கேட்டாலே கல்லுக்காரர் ஓடிப்போய் அறை வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்பார். அன்று அவர் அப்படி ஓடவில்லை. மெல்ல எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தான். கேலி செய்ய வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான். சமையலறைக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்டான். "என்னக்கா, மாமாவுக்கு ஒடம்புக்கு என்ன? போன மாசம் பாத்தேன். இப்போ நம்ம பெரியப்பா மாதிரி இருக்காரு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பவில்லை. ஆனால் அக்கா அழுததை நம்பினான். "அந்தத் தாழ்ப்பாளையும் ரப்பரையும் பிச்சு எறிஞ்சா ஆச்சு. சுத்தியலைக் குடு" என்று எழுந்தான்.

கல்லுக்காரர் அலறினார். "சுத்தியலா! ஒரு அடி விழுந்தா அந்த ரூம்ல ஒரு நுனி மிஞ்சாது. மொதல்ல எல்லாத்தையும் பஞ்சுல சுத்தி வெளிய எடுக்கணும். அப்புறம் கதவையே கழட்டிக்கோ, வேணாங்கல."

"எப்போ எடுக்கலாம்?" தம்பி விடவில்லை.

"அடுத்த ஞாயிறு."

அந்த வாரத்தில்தான் அவர் செய்யக்கூடாததைச் செய்தார். அவருடைய கல்லுக்கெல்லாம் ராஜா ஒன்று உண்டு. கட்டைவிரல் கனத்தில் தேன் நிறப் படிகம், உள்ளே ஒரு பொட்டு அழுக்கில்லை, விளக்கில் காட்டினால் ஒழுகிவிடும் போலிருக்கும். ஒரு நுனிக்கு இரண்டு நாள் பட்டினி கிடக்கிற மனிதர், அதன் நுனியைத் தன் கையாலேயே குறடு வைத்து ஒடித்தார். அது ஆறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமாம்.

அவளுக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. கதவைப் பற்றி அல்ல, அவரைப் பற்றி.

"கல்லா நானா, சொல்லுங்க. இன்னிக்கு ஒரு முடிவு தெரியணும்."

"என்ன பேச்சு இது."

"கல்லா, நானா?"

அவர் தேன் நிறக் கல்லைத் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தார். அவள் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் அவளைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். உள்ளே பட்டினியும் விழிப்புமாகக் கழித்த நாட்கள் உடம்பை உருக்கி, எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அவள் மகளாகலாம் போலிருந்தது. "கல்லு காத்திருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீ இப்படி அழுதா எனக்குத் தாங்காது" என்றார். "ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் காலி பண்ணிடலாம். இனிமே உள்ள போகமாட்டேன். போதுமா?"

போதும் என்றாள். அன்று ராத்திரி வெகுநாளைக்கப்புறம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பழைய கதையெல்லாம் பேசினார்கள். கல்யாணமான புதிதில், தெருநாய் துரத்தும்போதுகூடக் கையிலிருந்த கல்லை எறிய மனமில்லாமல் ஓடி வந்த கதையை அவரே சொல்லிச் சிரித்தார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். கல்லும் இருந்தது, நாயும் இருந்தது, இவருக்குத்தான் எறிய மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சுக் கட்டுகளும் அட்டைப் பெட்டிகளும் கூடத்தில் தயாராக இருந்தன. தம்பி வருகிறேன் என்று போன் செய்துவிட்டான். அவள் மாடியில் துவைத்த துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்து மனையில் மிஷினைப் போட்டார்கள். கல் அறுக்கும் சத்தம் பல்லில் கூசியது. வெள்ளைத் தூசி ஒரு போர்வையாக எழும்பி, மதில் மேல் ஏறி, இந்தப் பக்கம் சாய்ந்தது.

அவள் துணியைப் போட்டது போட்டபடி கீழே ஓடினாள். அந்த வீட்டில் இத்தனை வருஷம் அப்படித்தான். தூசி வந்தால் முதலில் கல் அறைக் கதவு. அதன் பிறகுதான் ஜன்னல், சமையலறை, சாப்பாடு எல்லாம். கைக்கும் காலுக்கும் அது பழகிப்போயிருந்தது. கூடத்துக்கு வந்தாள். அறைக்குள்ளே இருட்டு, இடுக்கில் வெளிச்சமில்லை. அவர்தான் இனி உள்ளே போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாரே. குனிந்து ஆப்பை உருவி, உடுப்பின் பையில் போட்டுக்கொண்டு, கதவை இடுப்பால் முட்டித் தள்ளினாள். ரப்பர் சேர்ந்தது. தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்தது.

கதவில் வைத்திருந்த உள்ளங்கையில் ஏதோ குறுகுறுத்தது. மரத்துக்குள் வண்டு இருந்து ரீங்காரம் செய்தாற்போல ஒரு சத்தம், இரண்டு மூச்சு நேரம். மேலே கேட்டது, பிறகு கொஞ்சம் கீழே, பிறகு இன்னும் கீழே. நின்றுவிட்டது.

பக்கத்து மிஷினின் அதிர்வு என்று நினைத்தாள். ஈரத்துணி ஒன்றைச் சுருட்டிக் கதவின் அடியில் வேறு திணித்தாள்.

பிறகு கூடத்து ஜன்னல்கள். படுக்கையறை ஜன்னல். சமையலறை. வீடு அரையிருட்டில் அடங்கியது. தூசி தணியட்டும் என்று டீ போட்டாள். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இஞ்சி தட்டிப் போட்டாள். மிஷின் ஓய்ந்தது. இரண்டு கோப்பையில் ஊற்றினாள்.

"என்னங்க, டீ."

பதிலில்லை. கொல்லையில் இருப்பார். டீயை மேஜையில் வைத்துவிட்டு, தரையைத் துடைக்கத் துணியை எடுத்தாள். கூடம் முழுக்க மாவு தூவினாற்போல வெள்ளை. ஒரு மூலையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். கல் அறை வாசலில், சுவரோரமாக ஜோடி சேர்த்து விட்டிருந்த எதுவோ துணியில் இடறியது.

அவருடைய செருப்பு.

அடியில் ஒட்டிய மணல் உள்ளே போகக்கூடாதென்று, அவர் எப்போதும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். செருப்பின் மேலும் தூசி படிந்திருந்தது. தூசிக்கு முன்னால் விட்ட செருப்பு.

பையில் ஆப்பு தொடையில் குத்தியது.

மிஷின் சத்தம் இல்லை. இப்போது கதவில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் குறுகுறுக்கவில்லை. மேலே. கொஞ்சம் கீழே. இன்னும் கீழே. அந்த ரீங்காரம் என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது போல இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு குளியலுக்கு ஐம்பது வருஷம். ஒவ்வொரு தடவைக்கும் வேகம் கூடும். அவள் இஞ்சி தட்டினாள். பால் பொங்கக் காத்திருந்தாள்.

தாழ்ப்பாளை நீக்கினாள். இரண்டு கையாலும் இழுத்தாள். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கதவு சத்தமில்லாமல் வந்தது.

எந்த வாசனையும் இல்லை. நனைந்த பாறையின் மணம்கூட இல்லை.

வெள்ளை. முதலில் தெரிந்தது அதுதான். சுவர், தட்டு, தரை, எல்லாம் சர்க்கரை கொட்டினாற்போலப் பொடிப் படிகம் மூடியிருந்தது. கூடத்து வெளிச்சம் உள்ளே போனதும் அறை முழுக்க மினுங்கியது. பாய் இல்லை. கேன் இல்லை. ஒரு மூலையில் துருக்கறை.

எதிரே அவர் உட்கார்ந்திருந்தார்.

கதவைப் பார்த்து. சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, ஒரு கையைக் கதவை நோக்கி நீட்டி. எல்லாம் படிகம். மூக்கு தெரிந்தது. தாடை தெரிந்தது. மடியில் அந்தத் தேன் நிறக் கல். அதன் நுனி ஆறியிருந்தது. படி இல்லை, இடறல் இல்லை, ஆறு பட்டையும் ஒரே முனையில் கூடிய நுனி. வாய் பாதி திறந்திருந்தது. அதன் வழியாக உள்ளே போன வெளிச்சம் கண் இருந்த இரண்டு குழிகளிலும் தெரிந்தது.

திறந்த கதவு அவள் தோளருகே நின்றது. அதன் உள்பக்கத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். மார்பளவு உயரத்தில் மரம் குழிந்திருந்தது. கைமுட்டி பதிகிற அளவுக்கு. அதற்குக் கீழே, இடுப்பளவில் இன்னொரு குழி. கடைசியாக, தரைக்குச் சற்று மேலே ஒன்று, அது ஆழமில்லை.

கதவை உடைக்க அங்கே கல்லுக்கா பஞ்சம். கையில் எடுத்து அடிக்கத் தோதான கனத்த கற்கள் மூன்று பக்கமும் இருந்தன. நாலு போடு போட்டிருந்தால் பலகை பிளந்திருக்கும். ஒரு கல்கூட இடம் மாறவில்லை. ஒரு நுனிகூட உடையவில்லை. அவர் வெறுங்கையால் தட்டியிருக்கிறார்.

கல்லா நானா என்று கேட்டாளே, அதற்குப் பதிலா இது? இல்லை, அவள் வெளியேதான் இருக்கிறாள், இதோ திறந்துவிடுவாள், இதோ, என்று கடைசிவரை நம்பியிருந்தாரா? இரண்டில் எதைத் தாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிட்டே போகக் காலெடுத்தாள். தரையில் பொடி நெரிந்தது. நின்றுவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தொட்டால் போய்விடும். அசைந்தால் போய்விடும். இத்தனை வருஷம் அந்த அறையில் எப்படி நடந்தாளோ, அப்படியே நின்றாள்.

வெளிக்கேட் தடாலென்று சாத்திக்கொண்டது.

"அக்கா!"

மெதுவா வா என்று கத்த வேண்டும். கத்தினால் அதிரும். வாயைத் திறந்தபடி நின்றாள். வாசற்படியில் காலடி. முதல் படி. இரண்டாவது. மேஜையில் இரண்டு டீக்கோப்பைகளும் தட்டில் கலகலத்தன.

நீட்டிய கையின் ஆள்காட்டி விரல் நுனி 'டிக்' என்று விழுந்தது. பருப்பளவு துண்டு. விரலுக்குள் ஒன்றுமே இல்லை.